கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும் குரல்

மயிலாடுதுறையிலிருந்து கேட்டிருக்கும் தம்பியின் கேள்வி ஒரே வரிதான்: "ராக் இசைக்குழுவின் சிறந்த முன்னணிப் பாடகருக்கு என்னென்ன தகுதிகள் வேண்டும்?" அதற்குக் கீழே அவர் எழுதியிருக்கும் விவரங்களைப் படித்தால் கேள்வி வேறு. குழுவில் ஐந்து பேர். பாடக்கூடியவர்கள் இருவர். ஒருவர் சிறு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்றவர், சுருதி பிசகாது, ஆனால் மேடையில் கண்ணை மூடிக்கொண்டுவிடுகிறார். இன்னொருவர் யாரிடமும் கற்றதில்லை, குரல் கரகரப்பு, மேல் ஸ்தாயியில் சில இடங்களில் சுருதி இறங்குகிறது. ஆனால் அவர் பாடினால் எல்லோரும் அவரையே பார்க்கிறார்கள். சொந்தமாக எழுதிய தமிழ்ப் பாடல்களோடு திருச்சியில் ஒரு கல்லூரி விழா மேடைக்குத் தயாராகிறார்கள். இருவரில் யாரை நடுவில் நிறுத்துவது, மற்றவர் மனம் கோணாமல் அதை எப்படிச் செய்வது என்பதே கேட்கப்பட்ட கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் சொல்லப்போவது எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இளமையில் கும்பகோணத்தில் முறையாக வாய்ப்பாட்டு கற்றேன். பிறகு ஒலியமைப்பு வேலைக்கு வந்து, கோவில் திருவிழா, தர்கா கந்தூரி, மாதா கோவில் திருநாள், கல்லூரி விழா என்று டெல்டா முழுக்க மெல்லிசைக் குழுக்களுக்கும், சில ஆண்டுகளாக ராக் குழுக்களுக்கும் மிக்ஸர் முன்னால் நின்றுவருகிறேன். அந்த இடத்தில் நிற்பவனுக்கு மேடையும் தெரியும், கூட்டமும் தெரியும். பாடகர் எந்த நொடியில் கூட்டத்தைப் பிடித்தார், எந்த நொடியில் விட்டார் என்பதைத் தினமும் பார்க்கிற வேலை இது. வெளிநாட்டுக் குழுக்களைப் பற்றி நான் அறிந்தது ஒலிப்பதிவுகளிலிருந்தும் வாசிப்பிலிருந்தும் மட்டுமே. அவர்களின் மேடையருகே நான் நின்றதில்லை.

முதலில் ஒரு தவறான அளவுகோலை அகற்றிவிடலாம். எத்தனை ஸ்தாயி (கீழ் 'ச' முதல் மேல் 'ச' வரை ஒரு ஸ்தாயி) பாடுகிறார் என்பதை வைத்து முன்னணிப் பாடகரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இந்தப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் குவீன் என்ற ராக் குழுவின் பாடகர் ஃப்ரெட்டி மெர்க்குரி. சான்சிபாரில் 1946இல் பிறந்த பார்சிக் குடும்பத்துப் பிள்ளை, மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் பள்ளியில் படித்தவர், அங்கேயே பள்ளி இசைக்குழுவில் பியானோ வாசித்தவர். அவருக்கு நான்கு ஸ்தாயி குரல் என்று சொல்லிச் சொல்லியே அது உண்மைபோல் ஆகிவிட்டது. அவருடைய ஒலிப்பதிவுகளை அலசி 2016இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த நான்கு ஸ்தாயிக் கதையை உறுதிசெய்யவில்லை. அது கண்டது வேறு சில: பேசும் குரலை வைத்துப் பார்த்தால் அவர் இடைநிலை ஆண் குரல்காரர், நீட்டிப் பாடும் சுரத்தில் அதிர்வு சராசரியாக நொடிக்கு 7 முறை, அதாவது மற்றப் பாடகர்களைவிட விரைவாக, வந்திருக்கிறது, கரகரப்பாகப் பாடும்போது குரல் நாண்களுக்கு மேலுள்ள மடிப்புகளும் சேர்ந்து அதிர்ந்திருக்கக்கூடும். ஆக, அவரிடம் இருந்தது அதிசயமான நீளம் என்று சொல்லச் சான்று இல்லை. அரை நொடி கேட்டாலே இவர்தான் என்று தெரிந்துவிடுகிற குரல் இருந்தது என்பதில் சந்தேகமே இல்லை. பிளாக் சப்பாத் குழுவின் ஓஸி ஆஸ்போர்ன் இதற்கு இன்னும் தெளிவான சான்று. அவருடைய குரல் எல்லை குறுகியது. பல பாடல்களில் கிட்டார் போகிற வழியிலேயே குரலும் போகும். ஆனால் அந்தக் குரலை வேறு எவருடையது என்றும் எண்ண முடியாது. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாமில் நடந்த கடைசி நிகழ்ச்சியில் நோயால் நிற்க முடியாமல் இருக்கையில் அமர்ந்தபடியே பாடினார். சில நாட்களில், அதே மாதம் 22ஆம் தேதி, மறைந்தார். மேடை முழுக்க ஓடினால்தான் முன்னணிப் பாடகர் என்று நினைப்பவர்கள் அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் எது வேண்டும்? நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். பாட்டின் சொல், கடைசி வரிசையில் நிற்பவரிடம் அவருக்கென்றே சொல்லப்பட்டதுபோல் போய்ச் சேர வேண்டும். டிரம்ஸும் கிட்டாரும் எழுப்பும் அத்தனை இரைச்சலுக்கு நடுவே ஒரு மனிதர் உங்களிடம் பேசுகிறார் என்ற உணர்வு வந்துவிட்டால் மற்றக் குறைகளைக் கூட்டம் பொறுத்துக்கொள்ளும். அது வராவிட்டால் சுத்தமான சுருதிக்குக் கைதட்டிவிட்டு டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிடும்.

இதைக் கற்க லண்டன் வரை போக வேண்டியதில்லை. நாகூர் இ.எம். ஹனிபாவை (1925–2015) கேளுங்கள். கந்தூரி மேடையிலும் திராவிட இயக்கத்தின் பொதுக்கூட்ட மேடையிலும் அவர் பாடியதெல்லாம் திறந்தவெளியில், ஆயிரக்கணக்கானோர் முன்னால். குரல் உயர்ந்தது, கம்பீரமானது. ஆனால் என்னை இன்றும் வியக்கவைப்பது எந்தச் சொல்லும் மங்காமல் வந்து விழுவது. சீர்காழி கோவிந்தராஜனும் (1933–1988) அப்படியே. முறையாகக் கற்ற வித்வான். இருந்தும் வெண்கலம்போல் ஒலிக்கும் அந்தக் குரலில் ழகரமும் றகரமும் தனித்தனியாகக் கேட்கும். மயிலாடுதுறையில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் நாடக மேடையில் வளர்ந்தவர். கொட்டகையின் கடைசிப் பெஞ்சுக்குக் குரல் போகாத நடிகருக்கு அந்தக் காலத்தில் வேலை இல்லை. தம்பி, உங்கள் ஊரைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டருக்குள் பிறந்த, வாழ்ந்த பாடகர்களைத்தான் சொல்கிறேன். அவர்கள் யாரும் ராக் பாடவில்லை. முன்னால் நின்று பாடுவது என்றால் என்ன என்பதை அவர்களைவிட நன்றாக யாரும் காட்டிவிடவும் இல்லை.

தமிழில் ராக் பாடுபவர்கள் பெரும்பாலும் இடறுவது இந்தச் சொல் விஷயத்தில்தான். ஆங்கிலப் பாடலில் அழுத்தம் விழும் அசை தாளத்தின் அடியில் விழுந்தால் போதும். நமக்குக் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுபவை. மெட்டுக்காகக் குறிலை இழுத்தால் 'படு' என்பது 'பாடு' ஆகிவிடும். கேட்பவர் ஒரு கணம் தடுக்கி, அடுத்த வரியைத் தவறவிடுவார். அதே நேரம் தமிழில் ஒரு பெரிய வசதியும் உண்டு. 'பட்டு', 'வெற்றி', 'தப்பு' போன்ற சொற்களில் வல்லினம் இரட்டிக்கும் இடத்தில் மூச்சு ஒரு கணம் அடைபட்டுத் திறக்கிறது. அந்தத் திறப்பை ஸ்நேர் டிரம் அடியின் மேல் சரியாக வைத்தால் குரலே தாளக் கருவியாகிவிடும். பறையாட்டத்தோடு பாடுபவர்களுக்கு இது யாரும் சொல்லாமலேயே வரும். உங்கள் பாடல்களை எழுதுபவர் யாராக இருந்தாலும் பாடுபவரை அருகில் உட்காரவைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தே எழுதட்டும். தாளத்துக்குச் சற்று முன்னால் தொடங்குவதையும் பின்னால் தொடங்குவதையும் நம் இசை அதீதம், அனாகதம் என்று பிரித்துப் பெயரிட்டு வைத்திருக்கிறது. ராக் பாடகர்கள் ஒரு வரியை அவசரமாக்குவதும் சோம்பலாக்குவதும் ஏறக்குறைய இதே வித்தைதான். சங்கீதம் கற்ற உங்கள் நண்பர் இதை ஒரே மாலையில் பிடித்துக்கொள்வார்.

அடுத்து, கட்டை, அதாவது பாட்டின் ஆதார சுருதி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதற்கான நம் அளவு. இதில் கிட்டார்காரர்கள் என்மேல் கோபப்படலாம். கிட்டாரில் திறந்த தந்திகள் கைக்கு வசதியாக இருப்பதால் பெரும்பாலான குழுக்கள் ஈ அல்லது ஏ சுருதியில் பாட்டை அமைத்துவிடுகின்றன. நம் கணக்கில் அவை மூன்று கட்டை, ஆறு கட்டை. பாடகரின் தொண்டைக்கு அது பொருந்துகிறதா என்று எவரும் கேட்பதில்லை. உங்கள் கரகரப்புக் குரல்காரருக்கு மேலே சுருதி இறங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிக் காரணம் இதுவாகவே இருக்கலாம். எல்லாத் தந்திகளையும் அரைக் கட்டை தாழ்த்தி வாசிப்பது ராக் உலகில் சாதாரணம். கன்ஸ் அண்ட் ரோஸஸ் போன்ற பெரிய குழுக்களே அப்படித்தான் வாசிக்கின்றன. நம் ஊரிலும் நாகசுர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, கூர்மையான திமிரி நாயனத்தை விட்டுச் சுருதி தாழ்ந்த பாரி நாயனத்துக்கு மாறினார். அவரைப் பின்பற்றி மற்றவர்களும் மாறினார்கள். அதனால் நாயனத்தின் கம்பீரம் குறைந்துவிட்டது என்று எவரும் சொல்லவில்லை. ஒரு கட்டை குறைத்துப் பாடச் சொல்லிப் பாருங்கள். குரலில் இருந்த பதற்றம் போய், சொல் வெளியே வருவது உங்களுக்கே கேட்கும்.

மைக் பிடிப்பதும் பாடுவதில் ஒரு பகுதி. உதட்டிலிருந்து மைக் இரு மடங்கு தூரம் விலகினால் அதில் விழும் ஒலியழுத்தம் ஏறக்குறைய பாதியாகும். குரலின் அடிப்பகுதி கனமும் மெலியும். இதைத் தெரிந்தவர் முணுமுணுக்கும் வரியில் மைக்கை ஒட்டி வருவார், உச்சத்தில் கையை நீட்டிவிடுவார். நான் மிக்ஸரில் எதையும் தொட வேண்டியிருக்காது. மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பது காணொளியில் அழகாக இருக்கும். ஆனால் பின்பக்க ஒலியைத் தடுக்கும் துளைகள் அதனால் அடைபட்டு, மானிட்டரின் (பாடகருக்குத் தன் குரல் கேட்க மேடையில் வைக்கும் ஒலிபெருக்கியின்) ஒலி உள்ளே புகுந்து மைக் ஊளையிடும். அறுவடை முடிந்த வயலில் மேடை போட்டால் இன்னொரு சிக்கல். சுவரே இல்லாத வெளியில் குரல் திரும்பி வராது. தன் குரல் தனக்கே கேட்காததால் பாடகர் கத்தத் தொடங்குவார். மூன்றாவது பாட்டில் தொண்டை போய்விடும். இரைச்சலில் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவது இயல்பு. அந்த இயல்பை அடக்கி, மானிட்டரில் தன் குரலைக் கூட்டிக் கேட்டு, அளவோடு பாடுவதற்குப் பயிற்சி வேண்டும்.

கூட்டத்தோடு உறவு என்பதைப் பலர் 'கை தூக்குங்கள்' என்று சொல்வதோடு முடித்துவிடுகிறார்கள். 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில் ஏறத்தாழ 72,000 பேர் முன்னால் குவீன் குழு இருபது நிமிடம் அளவுக்கு வாசித்தது. அதன் நடுவே மெர்க்குரி சொல்லே இல்லாத சிறு சிறு சங்கதிகளைப் பாட, அரங்கு முழுவதும் அவற்றைத் திருப்பிப் பாடியது. அவர் ஒவ்வொன்றையும் முந்தையதைவிடச் சற்றே கடினமாக்கிக்கொண்டு போவதைக் கவனியுங்கள். கூட்டத்தால் எது முடியும் என்று கேட்டுக் கேட்டு அடுத்ததைக் கொடுக்கிறார். நமக்கு இது புதிதல்ல. கோவிந்தபுரம் போதேந்திரர், திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள், மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் என்று நாம சங்கீர்த்தனத்தின் மூன்று பெரியவர்களும் கும்பகோணத்தைச் சுற்றியே வாழ்ந்தவர்கள். முன்னால் ஒருவர் நாமத்தைச் சொல்ல, எல்லோரும் வாங்கித் திருப்பிப் பாடும் அந்த முறை இன்றும் அந்த ஊர்களில் நடக்கிறது. அப்படி முன்னின்று பாடும் நல்ல பாகவதர் கூட்டத்தின் சுருதிக்கு ஏற்ற இடத்தில்தான் வரியைத் தொடங்குவார். தனக்கு வசதியான உச்சத்தில் தொடங்கமாட்டார். ஒருநாள் போய் உட்கார்ந்து அதை மட்டும் கவனித்துவிட்டு வாருங்கள்.

குத்தாலம் பக்கம் ஒரு திருவிழாவில் பாட்டின் நடுவே ஜெனரேட்டர் நின்றுவிட்டது. விளக்கும் இல்லை, மைக்கும் இல்லை, டிரம்ஸ் மட்டும் மிச்சம். அன்று பாடிய இளைஞர் எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. மேடை விளிம்புக்கு வந்து, பல்லவியை வெறும் குரலில் எடுத்து, கைதட்டித் தாளம் கொடுத்தார். முன்வரிசைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள், அவர்களிடமிருந்து பின்னால் இருந்தவர்கள். மின்சாரம் வந்தபோது மொத்தத் திடலும் பாடிக்கொண்டிருந்தது. இதே நிலையில் மேடையிலிருந்தே எங்களைத் திட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் அவரைவிட நல்ல பாடகர்கள்.

இனி நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதவற்றுக்கு வருகிறேன். கூட்டம் ஒருவரையே பார்ப்பது பிறவிக் குணமா, பழக்கத்தால் வருவதா? பழக்கத்தால் வெகுதூரம் போகலாம் என்பது நான் கண்டது. ஆனால் எல்லோருக்கும் வந்துவிடும் என்று வாக்களிக்கமாட்டேன். ஜெனிசிஸ் குழுவிலிருந்து பீட்டர் கேப்ரியல் 1975இல் விலகியபோது வெளியே பலரைப் பாடவைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் டிரம்ஸ் வாசித்த ஃபில் காலின்ஸையே முன்னால் கொண்டுவந்தார்கள். அதுவரை பின்னால் உட்கார்ந்திருந்த அவர்தான் பிறகு உலகமே அறிந்த பாடகரானார். ஆகவே உங்கள் குழுவில் பாடக்கூடியவர்கள் இருவர்தான் என்பதையும் மறுபடி யோசியுங்கள். இன்னொருவரின் குரலைப்போலவே பாடுபவர் பெரிய முன்னணிப் பாடகர் ஆக முடியுமா என்பதிலும் எனக்கு இரு மனம் உண்டு. ஏசி/டிசி குழுவின் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் பிரையன் ஜான்சனின் குரலில் புதிய இசைத்தொகுப்பு வந்தது. அவர் ஸ்காட்டைப் போலச் செய்யவில்லை, தன் குரலிலேயே பாடினார். அது உலகில் மிக அதிகமாக விற்ற ராக் தொகுப்புகளில் ஒன்றாயிற்று. மறுபுறம், ஜர்னி குழு தன் பழைய பாடகரின் குரலை ஒத்த ஒருவரைத் தேடி, யூடியூப் காணொளிகளில் பிலிப்பைன்ஸ் நாட்டு ஆர்னெல் பினேடாவை 2007இல் கண்டெடுத்தது. அவரையும் ரசிகர்கள் உண்மையாகவே நேசிக்கிறார்கள். என் மனம் ஜான்சன் பக்கம் சாய்கிறது. ஆனால் அது ரசனை, சட்டம் அல்ல.

உங்கள் பாடகர்கள் இருவருக்கு வருவோம். கேட்காமல் தீர்ப்பு சொல்வது நியாயமில்லை. இருந்தாலும் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கரகரப்புக் குரல்காரரை நடுவில் நிறுத்தவே சொல்வேன். சுருதி இறங்குவதைச் சில மாதப் பயிற்சியில் பெருமளவு சரிசெய்யலாம். அதைச் சரிசெய்ய உங்கள் குழுவிலேயே ஆசிரியர் இருக்கிறார். சங்கீதம் கற்றவர் பின்னுக்குப் போகிறார் என்று இதை எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குவீனின் பதிவுகளில் நாம் கேட்கும் அந்தப் பெரிய குரல் அடுக்கு மெர்க்குரி ஒருவருடையது அல்ல. பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் சேர்ந்து பாடியது. அப்படியொரு அடுக்கை அமைக்கச் சுருதி சுத்தமுள்ளவர்தான் வேண்டும். ஓரிரு பாடல்களில் அவரே முன்னால் வரட்டும். அவர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது. தோடி ராகத்தின் காந்தார சுரத்தை அசைத்துப் பாடும்போது கீபோர்டு அசையாத காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டும் மோதும். ஓங்கிய கிட்டாரில் ஆதார ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் ஒலிக்கும் இடங்களில் அந்த மோதல் இருக்காது. அங்கே அவர் தாராளமாக அசைக்கலாம். கண்ணை மூடுவது பெரிய குறையல்ல. பல்லவி வரும்போது மட்டும் திறந்து, திடலின் கோடியில் ஒரு முகத்தைப் பார்த்துப் பாடச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

முடிவெடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஏதாவது பள்ளி மைதானத்தில் முழுக் குழுவோடும் வாசியுங்கள். ஒரே பாட்டை இருவரும், முதலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி, பிறகு நின்று பாடட்டும். கோடியில் ஒரு கைப்பேசியை வைத்துப் பதிவுசெய்யுங்கள். பாட்டை முன்பே கேட்டிராத இரண்டு மூன்று பேரை அங்கேயே நிற்கவைத்து, காதில் விழுந்த வரிகளை எழுதச் சொல்லுங்கள். யாருடைய வரிகள் அதிகம் தாளில் ஏறியிருக்கின்றன என்பதை ஐந்து பேரும் சேர்ந்து பாருங்கள். முடிவை அந்தத் தாள் சொன்னால் நண்பர்களுக்குள் மனத்தாங்கல் குறையும். ஒரு மணி நேரம் தொடர்ந்து வாசித்த பிறகும் ஒருமுறை இதே சோதனையைச் செய்யுங்கள். முதல் பாட்டில் எல்லோருமே நன்றாகத்தான் பாடுவார்கள்.

கடைசியாகத் தொண்டை. கரகரப்புக் குரல் வேறு, கரகரத்துப்போன குரல் வேறு. உங்கள் நண்பருக்குப் பேசும்போதும் எப்போதும் அப்படியே இருந்தால் அது அவருடைய இயல்பாக இருக்கலாம். ஒத்திகைக்குப் பிறகு மட்டும் வந்து, மறுநாளும் நீடித்தால் அவர் தவறான முறையில் பாடுகிறார். 440 அதிர்வெண் சுரத்தில் குரல் நாண்கள் நொடிக்கு 440 முறை மோதிக்கொள்கின்றன. அழுத்திக் கத்தினால் அங்கே தழும்பேறிக் கணுக்கள் வரும். ராக் பாடகர்களின் உறுமலும் அலறலும் கற்றுக்கொண்டு செய்யும் நுட்பங்கள்; காணொளியைப் பார்த்துத் தானாகச் செய்து பார்க்க வேண்டாம். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், நிகழ்ச்சிக்கு முந்தைய இரவு கூச்சலிட்டுப் பேசாமல் இருக்கட்டும், குரல் கம்மியிருக்கும்போது கிசுகிசுத்துப் பேசுவதைவிடப் பேசாமலே இருக்கட்டும். நான் மருத்துவன் அல்லன். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் திருச்சி மேடையைத் தள்ளிவைத்துவிட்டு, தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அழைத்துப்போய்க் குரல் நாண்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.